குடியை நிறுத்த வீட்டில் பூட்டி வைக்கலாமா? ஆய்வுகள் சொல்வதும் வீடுகளில் நடப்பதும்

போதைக்கு அடிமையான ஒருவரை எந்த வழியில் மீட்கலாம் என்பதற்குப் பதில் தேடி அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போக வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே அதற்கு ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 2012 ஜூலை முதல் 2014 ஆகஸ்டு வரை, ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைப்பொருளுக்கு அடிமையான இரண்டு தரப்பினரை ஆய்வாளர்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு தரப்பினர் கட்டாயத் தடுப்பு மையங்களில் இருந்து விடுதலையான 89 பேர். மற்றவர்கள், தாமாகவே முன்வந்து சேரும் மையங்களில் மெத்தடோன் மருந்துடன் சிகிச்சை பெற்ற 95 பேர். வெளியே வந்தபின் இவர்களைத் தொடர்ந்து சந்தித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள்.

கட்டாய மையத்தில் இருந்து வந்தவர்களில் பாதிப் பேர் 31 நாள்களுக்குள் மீண்டும் போதைப்பொருளைத் தொட்டுவிட்டார்கள். மெத்தடோன் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் அந்த நிலைக்குத் திரும்ப 352 நாள்கள் ஆயின. இந்த முடிவுகள் 2017-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தன. யார் எந்த மையத்துக்குப் போவது என்று ஆய்வாளர்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. ஆகவே இரு தரப்புக்கும் முன்பே சில வேறுபாடுகள் இருந்திருக்கலாம். அவற்றைக் கணக்கில் கொண்டு திருத்திப் பார்த்த பிறகும் மெத்தடோன் தரப்பில் மீண்டும் விழும் அபாயம் 84 விழுக்காடு குறைவாகவே இருந்தது.

ஒரு மாதமா, ஏறக்குறைய ஒரு வருடமா என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்ன விஷயமல்ல. அந்த ஒரு வருடத்தில் ஒரு மனிதர் வேலையில் நிலைக்க முடியும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்ட முடியும், மனைவி இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியும்.

இருந்தும், “ரெண்டு வருஷம் உள்ளே போட்டாத்தான் திருந்துவான்” என்ற பேச்சு பிரிக்பீல்ட்ஸ் காப்பிக் கடையில் இருந்து காப்பார் அடுக்குமாடி வீடுகள் வரை இன்னும் கேட்கிறது. அந்த எண்ணம் சட்டத்தில் இருந்து வந்தது.

சட்டம் சொன்ன இரண்டு வருடம்

1983-ஆம் ஆண்டின் போதைப்பொருள் அடிமைகள் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம், சிறுநீரில் போதைப்பொருள் இருந்து, அடிமை என்று மருத்துவ அதிகாரி உறுதி செய்த ஒருவரை, மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் இரண்டு ஆண்டுகள் மறுவாழ்வு மையத்தில் வைக்க வழி செய்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக் கண்காணிப்பு. புசாட் செரெந்தி என்று அழைக்கப்பட்ட அந்த மையங்களில் அணிவகுப்பு, உடற்பயிற்சி, சமயப் போதனை, கைத்தொழில் ஆகியவை இருந்தன. ஒழுங்கு இருந்தால் மனிதன் மாறுவான் என்பது அதன் அடிப்படை. போதையை மருந்தின் துணையில்லாமல் ஒரேயடியாக நிறுத்த வேண்டும். உடல் தவிக்கும், தாங்கிக்கொள்ள வேண்டும்.

மையத்துக்குள் இருக்கும்வரை பலரும் போதையில்லாமல் இருந்தார்கள். அதில் வியப்பில்லை, உள்ளே அது கிடைக்காது. சிக்கல் வாசலைத் தாண்டிய பிறகுதான் தொடங்கியது. மூளையில் ஏற்பட்ட மாற்றம் இரண்டு வருடப் பிரிவில் மறைந்துவிடுவதில்லை. பழைய தெரு, பழைய நண்பர், சம்பள நாள் என்று ஏதாவது ஒன்று போதும், ஏக்கம் திரும்பிவிடும். இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நீண்ட நாள் விட்டிருந்தவரின் உடலுக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி இருக்காது. பழைய நினைப்பில் அதே அளவை ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடலாம். விடுதலையாகி வரும் முதல் சில வாரங்கள் உயிருக்கே ஆபத்தான காலம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்வது இதனால்தான். வீட்டுக்கு வந்த பையனை அந்த வாரங்களில் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

2012 மார்ச்சில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 12 அமைப்புகள் சேர்ந்து, இத்தகைய கட்டாய மையங்களை மூடும்படி உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டன. மலேசியா அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது. 2010-இல் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் கோலாலம்பூர் சுங்கை பெசியில் ‘கியூர் அண்ட் கேர்’ கிளினிக்கைத் திறந்தது. அங்கே ஒருவர் தாமாகவே நடந்து போய்ச் சிகிச்சை கேட்கலாம். கட்டாய மையங்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இயங்கின. மேலே சொன்ன ஆய்வு சாத்தியமானதே அதனால்தான்.

மெத்தடோன் வந்த கதை

மெத்தடோன் புது மருந்தல்ல. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஹெராயின் அடிமைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1965-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் அது சோதனை முறையில் தொடங்கியது 2005 அக்டோபரில். நடுவில் 40 வருடங்கள்.

அந்த 40 வருடத் தயக்கத்தை உடைத்தது எச்.ஐ.வி. பயம்தான். 2002-இல் மட்டும் நாட்டில் 6,978 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றியவர்கள். ஊசியைப் பகிர்ந்துகொண்ட ஆண்களிடம் இருந்து மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் நோய் போனது. தண்டனையால் இதை நிறுத்த முடியவில்லை என்பது புள்ளிவிவரத்தில் தெரிந்த பிறகே சுகாதார அமைச்சு வேறு வழியை ஏற்றது. 2006-இல் சௌகிட், பினாங்கு, ஜொகூர் பாரு ஆகிய இடங்களில் பழைய ஊசிக்குப் புது ஊசி கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனால் புதிய தொற்றாளர்களில் ஊசி ஏற்றுவோரின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது.

நம் மண்ணில் நடந்த இன்னோர் ஆய்வும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஜொகூர் மூவாரில் மருத்துவர் மாமுட் மஸ்லானும் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஹெராயினை நிறுத்திய 126 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் புப்ரெனார்ஃபின், இன்னொன்றுக்கு நால்ட்ரெக்சோன், மூன்றாவதற்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆலோசனை மட்டும் எல்லாருக்கும் உண்டு. புப்ரெனார்ஃபின் குழு தெளிவாக முன்னணியில் இருந்ததால், மற்றவர்களுக்கு அதை மறுப்பது நியாயமல்ல என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2008-இல் லான்செட் இதழில் அது வெளியானது. ஆலோசனை மட்டும் போதாது, சரியான மருந்தும் சேர வேண்டும் என்பதற்கு மலேசியர்கள் மீதே நடத்தப்பட்ட சான்று அது.

“ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை கொடுக்கிறார்கள்” என்பது மெத்தடோன் மீது அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். மெத்தடோனும் அபின் வகையைச் சேர்ந்ததே. வேறுபாடு அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ஹெராயின் சட்டென்று ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் உடல் தவிக்கும், அடுத்த ஊசிக்கான பணத்தைத் தேடி மனிதர் ஓடுவார். மெத்தடோன் மெதுவாக ஏறி ஒரு நாளுக்கு மேல் தாங்கும். சரியான அளவில் கொடுத்தால் மயக்கமும் இல்லை, தவிப்பும் இல்லை. காலையில் கிளினிக்கில் மிஸ்ஸி முன்னிலையில் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். இனிப்பு நீர் உள்ளவர் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்வதை யாரும் இன்சுலின் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை.

இந்தக் கருத்தைச் சமூகத்துக்குள் கொண்டுபோக மலாயாப் பல்கலைக்கழகம் செய்த ஒரு முயற்சி கவனிக்கத்தக்கது. 2010-இல் பல்கலைக்கழகத்தின் போதை அறிவியல் மையம், அருகில் உள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் வழங்கத் தொடங்கியது. தொழுகையும் சமய ஆலோசனையும் ஒரு பக்கம், மருத்துவர் எழுதிய மருந்து இன்னொரு பக்கம். மருந்தா பக்தியா என்ற சண்டைக்கு அங்கே இடமில்லாமல் போனது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தடுக்கி விழுந்தால் கோயில். ஆனால் குடியை விடக் கயிறு கட்டிக்கொள்ள வருபவரிடம், கட்டிய கையோடு இந்தக் கிளினிக்குக்கும் போங்கள் என்று ஒரு முகவரிச் சீட்டைக் கொடுக்கும் கோயிலைக் காண்பது அரிது. கொடுப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது.

தமிழ் வீடுகளின் பெரிய கவலை வேறு

இதுவரை சொன்னது போதைப்பொருள் பற்றி. தமிழ்க் குடும்பங்களை அதைவிட அதிகம் அரித்தது மது. அதற்கு ஹெராயினுக்கு நடந்ததைப் போன்ற மாற்றம் நடக்கவில்லை.

மதுவுக்கு எதிரான போராட்டம் இங்கே புதிதல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின்போது, கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தது. சங்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச்.நாதன் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சம்பளத்தைக் கொடுத்த அதே தோட்டத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடையும் இருந்ததைப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் அன்றே புரிந்துகொண்டிருந்தார்கள்.

கள்ளுக்கு அடுத்து சம்சு வந்தது. மலிவு, சிறு போத்தல், ஒட்டுக்கடையில் கடனுக்கும் கிடைக்கும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இதற்கு எதிராகத் தோட்டம் தோட்டமாகப் பிரசாரம் செய்தது. 2017 டிசம்பரில் மது வாங்கும் வயது 18-இல் இருந்து 21 ஆக உயர்ந்தது. மலிவு வகைக் கடும் மதுவை 700 மில்லிக்குக் குறைவான போத்தலில் விற்கக் கூடாது என்ற விதியும் வந்தது. சிறு போத்தலை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போகும் வழக்கத்தை உடைப்பது நோக்கம். 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்துச் சிலாங்கூர் வட்டாரத்தில் பலர் இறந்தபோது, விலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது மறுபடியும் தெரிந்தது.

இவை அனைத்தும் கடையைப் பற்றியவை. குடிக்கிறவருக்கான சிகிச்சை? தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் வேலை போதைப்பொருளோடு நின்றுவிடுகிறது. மெத்தடோனுக்கு இருப்பதுபோல் வட்டாரத்துக்கு வட்டாரம் தெரிந்த ஓர் இடம் மதுவுக்கு இல்லை. அரசாங்க மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. ஆனால் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததுமே பலர் திரும்பிவிடுவார்கள். எச்.ஐ.வி. பயம் ஹெராயினுக்கு ஒரு கதவைத் திறந்தது. மது ஒரு சமூகத்தின் வீட்டுக்குள் நடந்த நாசமாகவே பார்க்கப்பட்டதால், அதற்கு அந்த அவசரம் வரவில்லை.

பூட்டி வைத்தால் என்ன ஆகும்

இடைவெளியை வீடு தன் வழியில் நிரப்பிக்கொள்கிறது. அதில் இரண்டு வழக்கங்கள் ஆபத்தானவை.

முதலாவது, அறையில் பூட்டி வைத்து ஒரே நாளில் குடியை நிறுத்துவது. ஹெராயினை அப்படி நிறுத்தினால் உடல் படாத பாடு படும், ஆனால் அதனால் சாவது அரிது. மது அப்படியல்ல. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும், யாரோ பேசுவதுபோல் கேட்கும், காய்ச்சல் ஏறும். காற்றுக் கறுப்பு பட்டுவிட்டது என்று எண்ணி அவரைப் பூசாரியிடம் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சில நாள்களுக்கு அளவைக் குறைத்துக்கொண்டே போகும் அமைதி மருந்தும், வைட்டமின் பி1 ஊசியும் கொடுப்பார்கள். சாப்பாட்டை விட்டுக் குடியிலேயே இருந்தவருக்கு அந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். ஆக, காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மடக்குக் குடித்தால்தான் நிற்கிறது என்றால், அவர் வீட்டில் தானாக நிறுத்தக் கூடாதவர். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவரும் அப்படியே.

இரண்டாவது, “குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்” என்று விற்கப்படும் பொடிகள். அவற்றில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. இந்த வகை யோசனையின் பின்னால் இருப்பது டைசல்ஃபிரம் என்ற பழைய மருந்து. அது உடலில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரிந்துவிடும். மருத்துவர் சொல்லி, நோயாளி ஒப்புக்கொண்டு, வீட்டார் கண்ணெதிரில் சாப்பிடும்போது அந்த மருந்து சிலருக்கு உதவுகிறது. மருந்து உள்ளே இருப்பது தெரிந்து அவர் கிளாஸைத் தொடாமல் இருப்பதுதான் அதன் முழுப் பலன். தெரியாமல் கொடுத்தால் அந்தப் பலனே இல்லை, மிஞ்சுவது ஆபத்து மட்டும். இருதய நோய் உள்ள அப்பாவுக்குக் குழம்பில் கலந்து கொடுக்கும் மகளுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

பத்துக் கேள்விகளும் ஒரு நல்ல பேச்சும்

ஆய்வில் பலன் கண்ட முறைகள் எளிமையானவை. உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்வித் தாள் ஒன்று. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், ஒரு தடவை எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடியவில்லையா, காலையிலேயே தேவைப்படுகிறதா, யாராவது குறைத்துக்கொள்ளச் சொன்னார்களா என்று கேட்கும். மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. இரத்த அழுத்தம் பார்க்க வரும் எல்லாரிடமும் கிளினிக்கில் இதைக் கேட்டாலே பாதிப் பேரைத் தோட்டத்து வாசலில் விழுவதற்கு முன் பிடித்துவிடலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

அளவைச் சொல்வதில்தான் பலரும் தடுமாறுவார்கள். அந்தத் தாளின் கணக்கில் ஒரு அளவு என்பது 10 கிராம் சாராயம். ஏறக்குறைய ஒரு சிறிய கேன் பீர். 40 விழுக்காடு உள்ள கடும் மது 150 மில்லி குடித்தவர் அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து கேன் பீர் குடித்தவர். “ஒரே ஒரு கிளாஸ்தான்” என்ற பதிலுக்குப் பின்னால் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கும்.

அடுத்தது பேசும் முறை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கிய ஊக்கமூட்டும் உரையாடல் முறை, திட்டுவதை அடியோடு விட்டுவிடுகிறது. குடிக்கிறவர் மனதுக்குள் ஏற்கெனவே இரண்டு குரல் உண்டு, விட வேண்டும் என்று ஒன்று, வேண்டாம் என்று ஒன்று. வெளியில் இருப்பவர் “விடு” என்று அழுத்தினால் அவர் மற்றக் குரலின் பக்கம் சாய்ந்து வாதாடுவார். எனவே விடச் சொல்லும் குரலை அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

“அண்ணே, குடிக்கிறதுல உங்களுக்கு என்ன நல்லது இருக்கு?”

“ஒடம்பு வலி தெரியாது மிஸ்ஸி. தூக்கம் வரும்.”

“சரி. பிடிக்காதது?”

“மக பேசறதில்ல. சின்னது முன்னெல்லாம் கேட் வரைக்கும் ஓடி வரும். இப்ப உள்ள போயிடும்.”

“அது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு.”

“இருக்காதா பின்னே?”

மிஸ்ஸி இங்கே புத்தி சொல்லவில்லை. அடுத்த கேள்வியாக, “அது மாறணும்னா முதல்ல என்ன செய்யலாம்னு தோணுது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருப்பார். இந்த முறையைப் பழகப் பயிற்சி வேண்டும், பெரிய பட்டம் வேண்டியதில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். அளவுக்கு மீறிக் குடிக்கும் 377 ஆண்களில் ஒரு பாதிக்கு, மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு சந்திப்புகளில் பேசினார்கள். மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் ஆபத்தான குடியில் இருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காடு. 2017-இல் லான்செட்டில் வந்த இந்த முடிவு, மனநல மருத்துவர் கிடைக்காத ஊர்களுக்கானது. ஊர்க்காரரே, ஊர் மொழியில். தமிழ் பேசும் தொண்டூழியர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ இயக்கங்களில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், மருத்துவம், ஆலோசனை, குடும்பத்தாருக்கான பயிற்சி ஆகியவற்றைத் தமிழிலேயே கொடுத்தது. மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்காகத் திருவாரூர் வட்டாரத்து மஞ்சக்குடி கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தியது. ஊருக்குள் நடந்ததால், முகாமை முடித்தவரை மறுநாள் தெருவில் பார்ப்பவர்களுக்கும் அவர் சிகிச்சை பெற்றவர் என்பது தெரியும்.

குடி ஏக்கத்தைத் தணிக்கும் மருந்தும் உண்டு. நால்ட்ரெக்சோன் மாத்திரை, குடித்தால் கிடைக்கும் இன்பத்தைக் குறைக்கிறது. ஆனால் மெத்தடோன் எடுப்பவருக்கோ ஹெராயின் பழக்கம் உள்ளவருக்கோ அதைக் கொடுத்தால் கடும் தவிப்பு உண்டாகும். கல்லீரலையும் பார்த்துத்தான் தருவார்கள். கடையில் தானாக வாங்கிக் கொடுக்கும் மருந்தல்ல. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் கோலாலம்பூரிலும் நடக்கின்றன, கட்டணமில்லை. வெறும் நம்பிக்கை சார்ந்தது என்று ஒருகாலத்தில் ஆய்வாளர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2020-இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குடியை முற்றாக விட்டு நிலைப்பதில் இந்த முறை மற்ற ஆலோசனைகளுக்குக் குறைந்ததல்ல, சிலவற்றில் மேல் என்றே தெரிந்தது.

சியாபு போன்ற ஊக்கப் போதைப்பொருளுக்கு மெத்தடோன் மாதிரி மாற்று மருந்து இல்லை. இப்போது இளைஞர்களிடம் அதிகம் புழங்குவது அதுதான் என்பதால் இது பெரிய குறை. அங்கே ஆய்வு ஆதரிப்பது, சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் சிறு வெகுமதி கொடுக்கும் முறையையும், ஏக்கம் எப்போது, எங்கே வருகிறது என்று கண்டுபிடித்து அதைத் தாண்டப் பழக்கும் ஆலோசனையையும். “தப்பு செஞ்சவனுக்குப் பரிசா?” என்று கேட்பார்கள். பல நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்தும் முடிவு அதன் பக்கமே வந்திருக்கிறது.

மனைவியும் அம்மாவும் செய்யக்கூடியது

“அவர் வரமாட்டேங்கறார், நான் மட்டும் போய் என்ன செய்ய?” என்பதுதான் பெரும்பாலான பெண்களின் கேள்வி. அதற்கும் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் குடிக்கிறவரின் குடும்பத்தார் 130 பேரை மூன்று வகையாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். குடும்பத்தார் மட்டுமே கூடிப் பேசி மனதை ஆற்றிக்கொள்ளும் வகையில், குடிக்கிறவர் சிகிச்சைக்கு வந்தது 13 விழுக்காடு. எல்லாரும் கூடி அவரை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கும் வகையில் 30. வீட்டில் நடந்துகொள்ளும் முறையைக் குடும்பத்தாருக்குப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்த வகையில் 64.

அந்த மூன்றாவது வகையில் சொல்லிக்கொடுத்தவை தமிழ் வீட்டுக்கும் பொருந்தும். குடிக்காமல் வந்த நாளில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, பேசுவது. குடித்து வந்த நாளில் சண்டையில்லாமல் விலகிக்கொள்வது. அவர் வேலைக்குப் போகாததற்கு மேனேஜரிடம் “காய்ச்சல்” என்று பொய் சொல்லாமல் இருப்பது. ஒட்டுக்கடைக் கடனை மனைவி போய்க் கட்டாமல் இருப்பது. அடி விழும் வீடாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன், எங்கே போய்த் தங்குவது என்று திட்டமிட்டு வைப்பது. பேச்சை எடுப்பது அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் மட்டும். போதையில் இருப்பவனிடம் நியாயம் பேசுவது வீண் என்ற கருத்து திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்திலேயே இருக்கிறது. வள்ளுவர் வாசகர்களுக்கு இது புதிதல்ல.

எங்கே தொடங்குவது? பக்கத்து அரசாங்கச் சுகாதார கிளினிக்கே போதும். மலேசியர்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. குடி, போதைப்பொருள் இரண்டையும் மறைக்காமல் சொல்லி, கிள்ளானில் இருப்பவர் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும், கோலாலம்பூரில் இருப்பவர் கோலாலம்பூர் மருத்துவமனைக்கும் கடிதம் கேட்கலாம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் உண்டு. மெத்தடோன் தேவைப்பட்டால் அரசாங்கக் கிளினிக்குகளில் அது இலவசம். சுகாதார அமைச்சின் 15555 ஹீல் தொலைபேசிச் சேவையில் குடும்பத்தாரும் பேசலாம்.

தனியார் இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகள் கேட்பது நல்லது. அரசாங்க அனுமதி இருக்கிறதா? முதல் வாரத்தில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவர் பார்ப்பார்? மெத்தடோன் எடுக்கும் பையனின் மருந்தை நிறுத்தச் சொல்வீர்களா? குடும்பத்தார் எப்போது பார்க்கலாம்? வெளியே வந்தபின் எத்தனை மாதம் தொடர்பில் இருப்பீர்கள்? அடித்துத் திருத்துவோம் என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடலாம்.

மீண்டும் குடித்துவிட்டார் என்றால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளல்ல. போதையில் இருந்து மீண்டவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் திரும்ப விழுகிறார்கள். இரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளும் மருந்தை விட்டு அதே அளவிலோ கூடுதலாகவோ மீண்டும் நோய்வாய்ப்படுவதை 2000-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று ஒப்பிட்டுக் காட்டியது. இரத்த அழுத்தம் ஏறியவரை யாரும் கிளினிக்கில் இருந்து துரத்துவதில்லை. மாத்திரையின் அளவை மாற்றி, அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள். விழுந்தவர் போக வேண்டியதும் அதே கிளினிக்குத்தான், முடிந்தால் அதே வாரத்தில், பழைய அட்டையோடு.